பில்லைக் கொடுங்கள், கட்டுகிறோம்

சில வருடங்களுக்கு முன் பெரியப்பாவுடன் கேகாலை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றுக்குப் போயிருந்தேன். நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய மனிதர் அவர். எங்கள் லயத்துக்கு ஏறும் ரோட்டை மழைத்தண்ணீர் அறுத்துவிட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில், பிரசவ வலியோடு ஒரு பிள்ளையை ஏற்றிவந்த ஓட்டோ கவிழப் பார்த்தது. ஒரு லோட் கல்லும் சின்னதாய் ஒரு மதகும் போதும். அதைத்தான் எழுதிக் கொண்டுபோனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டார். பிறகு, "வரிபனம் கட்டுறீங்களா?" என்றார். பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "பில்லைக் கொடுங்க மாத்தயா, கட்டுறோம்."

பில்லும் வரவில்லை, கல்லும் வரவில்லை.

அந்தக் கேள்வியை அவர் ஒருவர்தான் கேட்டார் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். எட்டியாந்தோட்டை பஸ்ஸிலும் றக்வானைக் கடைத்தெருவிலும் இதைக் கேட்டிருக்கிறேன். படித்து வெளியேறிய எங்கள் பிள்ளைகள் சிலரும் இதையே சொல்கிறார்கள்: தோட்டத்து ஆட்கள் கம்பனி வீட்டில் சும்மா இருக்கிறார்கள், சபைக்கு ஒரு சதமும் கட்டுவதில்லை, அவர்களுக்கு எதற்கு ரோட்டும் லைட்டும்? பலர் நியாயம் என்றே நம்பும் இந்தப் பேச்சு அடியிலிருந்து நுனிவரை பிழை.

முதலில் வரியைப் பார்ப்போம். சிங்களத்தில் வரிபனம் என்று வழங்குவது நம்முடைய வரிப்பணம்தான். சொல் நம்மிடமிருந்து போனது. அதை வைத்தே நம்மை மடக்குகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, ஒரு சபை தன் எல்லை முழுவதிலும் மதிப்பீட்டு வரி அறவிட முடியாது. அமைச்சரின் அனுமதியோடு அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் அறவிடலாம். நடைமுறையில் அது கடைத்தெருவும் அதை ஒட்டிய வீடுகளும். அதற்கு அப்பால் வயலும் பலா மரமுமாகக் கிடக்கும் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரி கிடையாது. ஆனாலும் அங்கே கொங்கிரீட் பாதை போகிறது, தெருவிளக்கு எரிகிறது. அந்தக் கிராமத்தானிடம் வரி கட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஓடைக்கு இந்தப் பக்கம் வந்ததும் மட்டும் எங்கிருந்து முளைக்கிறது அந்தக் கேள்வி?

சபை அந்த வரியால் மட்டும் நடக்கவும் இல்லை. ஊழியரின் சம்பளத்தில் பெரும்பகுதி அரசாங்கப் பணம். முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைக்கு வருகின்றன. சந்தைக் குத்தகை, கடை லைசன்ஸ் எல்லாம் வேறு. சம்பள நாளில் அந்தச் சந்தையில் கூட்டம் நிற்பது யாரால்? 2024 ஜனவரி முதல் வற் வரி நூற்றுக்கு 18. தோட்டத்துப் பெண் வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது, போனுக்குப் போடும் ரீலோட்டிலும் இருக்கிறது. லயத்து ஆள் என்று யாரும் கழித்துக் கொடுப்பதில்லை.

பழைய கணக்கையும் எடுப்போம். தேயிலை, ரப்பர் ஏற்றுமதி வரிகள் இந்த நாட்டின் கஜானாவைப் பல பத்தாண்டுகள் தாங்கின. 1952இல் சீனாவோடு இலங்கை செய்த ஒப்பந்தத்தில், நாட்டுக்கு வந்த அரிசிக்கு மாற்றாய்ப் போனது ரப்பர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து சிரட்டை சிரட்டையாய்ப் பால் சேர்த்தவர்களுக்கு அதில் பங்கில்லையா? 1948இல் குடியுரிமையையும் அடுத்த வருடம் வாக்கையும் பறிகொடுத்திருந்த கைகள்தான் அந்தப் பாலை வெட்டின. நாடு சோறு தின்றது. அந்தச் சோற்றுக்கு உழைத்தவனைப் பார்த்து நீ என்ன கட்டினாய் என்று கேட்க வாய் எப்படி வருகிறது?

இனி வீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் சக்கரம் பூட்டிய வீடுகளில் இலட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அது வாகனமா, வீடா என்று அங்கே சட்டங்களே இருக்கின்றன. உருளும்வரை வாகனமாகப் பதிவு; சக்கரத்தைக் கழற்றிச் சொந்த நிலத்தில் அத்திவாரத்தோடு பிணைத்தால், பல மாநிலங்களில் அது அசையாச் சொத்து. எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒரு பதிவேட்டில் அதற்கு இடம் உண்டு. எங்கள் லயம் நூறு வருடத்துக்கு மேலாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே துருப்பிடித்த தகரம். அதற்கு உறுதியும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசில் கிடக்கும். கொழுந்து மூட்டை ஏற்றும் ட்ரெக்டரின் பின்னால் இழுபடும் பெட்டியைப் பாருங்கள். அதற்குத் தனி இலக்கத் தகடு உண்டு. மூட்டை போகும் பெட்டி அரசாங்கப் பதிவில் இருக்கிறது. மூட்டையைக் கட்டியவள் தூங்கும் வீடு இல்லை.

சொத்து வரி என்பது சொத்தின் பேரில் வருவது. இந்த நிலம் அரசுடையது. எழுபதுகளில் அரசுடைமையாக்கி, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்து, பிறகு நீண்டகாலக் குத்தகைக்கும் விட்டார்கள். அப்படியிருக்க, குடியிருப்பவன் எதற்கு வரி கட்டுவான்? காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிற கதை இது.

கட்டிப்போட்டது சட்டம். 1930களின் கடைசியில் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. பிரதேச சபைகள் வந்தபோது, சபைப் பணம் தோட்டத்துக்குள் போவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. சபைக்கு வாக்குப் போடலாம், ஆளைத் தெரிவுசெய்யலாம். தெரிவானவர் தன் வாக்காளரின் படிக்கட்டுக்குச் சீமெந்து போட முடியாது. முப்பது வருடம் கழித்து 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வரி கட்டாததால்தான் சேவை இல்லை என்று நம்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சேவையைத் தடுத்தது சட்டம். வரிப்பேச்சு அதற்குப் போட்ட போர்வை. சட்டம் மாறியும் போர்வையை இன்னும் எடுக்கவில்லை.

நுவரெலியாவில் மக்கள் தொகை கைகொடுத்தது. இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரிக்க வைக்க முடிந்தது. சப்ரகமுவவில் நாங்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கிறோம். தெஹியோவிற்றவில் கொஞ்சம், பலாங்கொடையில் கொஞ்சம், காவத்தையில் கொஞ்சம். சபையில் எங்களுக்காகப் பேச ஓரிருவர் இருந்தால் பெரிது. அதனால்தான் பொய் இங்கே கூடுதல் பலத்தோடு நிற்கிறது.

எங்கள் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உறுதி வந்தால் வரி வரும், எதற்கு வீண் வம்பு என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை விடுங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாயே என்றாலும், வரிப் பற்றுச்சீட்டு இது என் வீடு என்பதற்கு அரசாங்கமே தரும் சாட்சி. 2016 மே மாத மழையில் புளத்கோபிட்டிய களுப்பான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியது. அப்படியொரு நாளில் உயிர் தப்பியவன் கையில் இருக்க வேண்டியது அந்தச் சீட்டு.

ஆகவே வரி வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. லயத்துக்கு லயம் வீட்டிலக்கம் போடுங்கள். கடிதம் வாசலுக்கு வரட்டும். குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி எழுதுங்கள். 2018இன் திருத்தத்தைச் சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத்தின் பெயரோடும் ரூபாய்க் கணக்கோடும் காட்டுங்கள். அதன் பிறகு, பக்கத்துக் கிராமத்துக்கு எந்த விதியோ அதே விதியில் எங்களுக்கும் பில் அனுப்புங்கள்.

பெரியப்பா இன்று இல்லை. அந்தப் பில் வந்தால் முதல் நாளே வரிசையில் நின்று அவர் பேரில் கட்டிவிட்டு, அந்த ரோட்டுக் கடிதத்தையும் மறுபடி மேசையில் வைப்பேன்.