மறதி குற்றமா?

"இப்போதுதானே சொன்னேன், அதற்குள் மறந்துவிட்டதா?" என்று வீட்டிலுள்ள முதியோரைக் கடிந்துகொள்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. முதுமையில் வரும் கடும் மறதியைப் பிடிவாதமென்றும் அசட்டையென்றும் எண்ணுகிறோம். இது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து.

நம் மூளைக்குள்ளே காவற்படை ஒன்று உண்டு. 'மைக்ரோக்ளியா' எனப்படும் அந்நுண்ணிய செல்களை 1919ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா இனங்கண்டு விளக்கினார். நாம் தாயின் வயிற்றில் கருவாய் இருக்கும்போதே இவை மூளையில் குடியேறிவிடுகின்றன. மெல்லிய கைகளை ஓயாது நீட்டிச் சுற்றுப்புறத்தைச் சோதிக்கின்றன, கிருமிகளை எதிர்க்கின்றன, இறந்த செல்களையும் கழிவுப் புரதங்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன.

ஆனால் காவலர்க்கும் முதுமை உண்டன்றோ? வயது ஏற ஏற இவற்றின் கைகள் சுருங்குகின்றன; உள்ளே கொழுப்புத் துளிகள் சேர்கின்றன; குப்பை அகற்றும் திறன் குறைகிறது. அத்துடன் நில்லாமல், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து நல்ல நரம்புச் செல்களுக்கும் ஊறு செய்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த மறதிநோயில், அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படிகிறது. இக்காவற் செல்களின் பணிக்குத் துணைபுரியும் 'ட்ரெம்2' என்ற மரபணுவில் ஒருவகை மாற்றம் உடையோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என 2013இல் கண்டறிந்தனர். காவலர் தளர்வதும் நோய்க்கு ஒரு காரணம் என்பது இதனால் வலுப்பெறுகிறது. மூளையில் நிகழும் மாற்றத்துக்கு முதியவரைப் பழிப்பது எவ்வாறு தகும்?

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. மறதிநோய்க்கு வழிகோலும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்டது. அவற்றைக் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது மந்தம், தனிமை ஆகியவற்றோடு, இளமையில் கல்வி குறைவதும் அப்பட்டியலில் உண்டு. "பெண்ணுக்குப் படிப்பெதற்கு?" என்று அடுப்படியில் நிறுத்தப்பட்ட பாட்டிமார் எத்தனை பேர்! அவர்களுக்கு மறுக்கப்பட்ட கல்வியைப் பெற்ற நாமா அவர்களை எள்ளி நகையாடுவது?

எல்லா மறதியும் நோயன்று. எனினும் பழகிய வழியும் பெற்ற பிள்ளையின் பெயரும் மறக்கத் தொடங்கினால், ஏசுவதை விடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை. தோழியரே! கேட்டதையே நூறுமுறை கேட்டாலும் முகஞ்சுளியாது விடை சொல்வோம். அவர்களைத் தனிமையில் விடாது, நாள்தோறும் சிறிது நேரம் அருகமர்ந்து பேசுவோமாக!