மஞ்சள் குருவியும் சங்கத்துப் பேரேடும்

நம் விமான் நகர்க் கிளையின் சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சங்கத்தின் உறுப்பினர் பேரேடு, சந்தாக் கணக்கு, கூட்ட அறிவிப்பு, வேலை தேடுவோர் பட்டியல் ஆகிய அனைத்தையும் 'அரட்டை' செயலிக்கு மாற்றிவிட வேண்டும்; நோட்டுப் புத்தகத்தையும் வீடு வீடாகப் போவதையும் நிறுத்திவிடலாம் என்பதே தீர்மானம். கொண்டுவந்தவர்கள் இளைஞர்கள். அவர்களுடைய ஆர்வத்தில் நமக்குக் குறை காண ஒன்றுமில்லை. சந்தன் நகரிலிருந்து லோஹகாவ் வரை வெயிலில் நடந்து சந்தா வசூலித்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். "தமிழ்நாட்டுக் கம்பெனி செய்தது, பெயரும் தமிழ்ப் பெயர், நாமே ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார்?" என்று ஒரு தம்பி கேட்டபோது கைதட்டலும் கிடைத்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து வீட்டு வேலை செய்யும் சகோதரி ஒருவர் எழுந்தார். "அண்ணே, நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். நாளைக்கு வர வேண்டாம், நாளன்றைக்குச் சீக்கிரம் வா என்பதெல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான் வருகிறது. நான் மாறினால் அந்த அம்மாக்கள் மாறுவார்களா?" என்றார். கூட்டத்தில் சற்று நேரம் பதில் இல்லை. படித்தவர்கள் பல பக்கம் எழுதும் விஷயத்தை அவர் ஒரு கேள்வியில் வைத்துவிட்டார்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இந்த வகைக் கம்பெனிகள் நிலைக்குமா, எதைத் தின்று வளர்கின்றன, எப்போது சாகின்றன என்பதை உறுப்பினர்களுக்கு விளக்கி எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. சரக்குக் கணக்கும் டிக்கெட் கணக்கும் பார்த்துப் பழகியவர்கள். அந்தக் கணக்கைக் கொண்டே பார்ப்போம்.

முதலில் செத்துப்போன ஒன்றைப் பார்க்கலாம். 'கூ' என்ற மஞ்சள் குருவியை நம்மில் பலர் மறந்திருப்பார்கள். பெங்களூரில் 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்ரமேயா ராதாகிருஷ்ணா, மயங்க் பிதாவட்கா என்ற இருவர் நிறுவியது. ட்விட்டருக்கு இந்திய மாற்று என்றார்கள். தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதலாம் என்றார்கள். அது நல்ல காரியம்தான், ஐயமில்லை. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தை ஒட்டி மத்திய அரசுக்கும் ட்விட்டருக்கும் தகராறு முற்றியபோது, அமைச்சர்கள் வரிசையாக இந்தக் குருவியின் கூட்டுக்குள் நுழைந்தார்கள். அரசுத் துறைகள் கணக்குத் திறந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் டைகர் குளோபல் என்ற அமெரிக்க நிதி நிறுவனம் முன்னின்று 3 கோடி டாலர் முதலீடு வந்தது. ட்விட்டரைத் தடை செய்த நைஜீரிய அரசும் 2021 ஜூனில் இங்கே கணக்குத் திறந்தது. 2022 நவம்பரில் பிரேசில் நாட்டில் இறங்கியபோது 48 மணி நேரத்தில் 10 லட்சம் பேர் பதிவிறக்கினார்கள் என்று கொட்டி முழக்கப்பட்டது.

பிறகு என்ன ஆயிற்று? 2023 ஏப்ரலில் சுமார் 260 ஊழியர்களில் 30 சதவீதத்தினரை வெளியே அனுப்பினார்கள். வாங்க ஆள் தேடினார்கள்; பெரிய கம்பெனிகளோடும் பத்திரிகை நிறுவனங்களோடும் பேச்சு நடந்தது, எதுவும் கூடிவரவில்லை. 2024 ஜூலை 3-ஆம் தேதி மூடுவதாக நிறுவனர்கள் அறிவித்தார்கள். குருவி நான்கு ஆண்டும் சில மாதங்களும் வாழ்ந்திருக்கிறது. அமைச்சர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அவர்கள் ட்விட்டரை விட்டுப் போகவே இல்லை. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால்.

கூ செத்ததற்கு அதன் உழைப்பாளிகளைக் குற்றம் சொல்ல மாட்டோம். கணக்கு அப்படி. நம் ரயில் டிக்கெட்டின் மேல் ஒரு வரி அச்சிட்டிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று. மிச்சத்தை யார் தருகிறார்கள்? நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்ட் ஏற்றிச் செல்லும் கூட்ஸ் வண்டிதான் பெரும்பங்கைச் சுமக்கிறது. நாம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கூட்டத்தோடு கூட்டமாய்ப் படுத்துறங்கி ஊருக்குப் போகிறோமே, அந்தப் பயணத்தின் ஒரு பகுதியை எங்கோ ஓடும் சரக்கு வண்டி செலுத்துகிறது.

செயலிக் கம்பெனியும் இப்படித்தான். நம்மிடம் டிக்கெட் வாங்குவதே இல்லை, முழுவதும் இலவசம். அப்படியானால் கூட்ஸ் வண்டி எங்கே? விளம்பரம்தான் அந்த வண்டி. அதில் ஏற்றப்படும் சரக்கு என்ன? நம்முடைய நேரமும் கண்ணும்தான். அதாவது இந்த ரயிலில் பயணியும் நாமே, சரக்கும் நாமே.

அந்தச் சரக்குக்கு விலை என்ன என்று பார்த்தால் வயிறு எரியும். 2023-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பேஸ்புக் ஓர் ஆள் மூலம் அமெரிக்கா, கனடாவில் சம்பாதித்தது சுமார் 68 டாலர். ஆசிய-பசிபிக் பகுதியில் சுமார் ஐந்தரை டாலர். இந்த ஐந்தரையும் ஜப்பானியரையும் ஆஸ்திரேலியரையும் சேர்த்துப் போட்ட சராசரி. இந்தியக் கூலிக்காரன் வீட்டுக் கைபேசியின் பங்கு அதிலும் கீழே இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024-லிருந்து கம்பெனி அந்தக் கணக்கைப் பகுதி பிரித்து வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். படம், வீடியோ, பேச்சு எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இயந்திரங்களுக்கு ஆகும் செலவு, தமிழன் பார்த்தாலும் அமெரிக்கன் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வருமானம் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே இந்திய மக்களை மட்டுமே நம்பி நடக்கும் செயலிக்குக் கூட்டம் கூடக்கூட நட்டமும் கூடும். அமெரிக்காவில் சம்பாதித்து இங்கே ஈடுகட்டும் பெரிய கம்பெனி தாங்கும். உள்ளூர்க் கம்பெனி, டாலர் முதலீடு வருகிறவரை தாங்கும். 2022-க்குப் பிறகு அந்த டாலர் வற்றியது. தமிழ் உட்பட நம் மொழிகளில் கோடிக்கணக்கான மக்களைச் சேர்த்த ஷேர்சாட்டும் அதன் மோஜும் 2023 ஜனவரியில் ஐந்தில் ஒரு பங்கு ஊழியரை வெளியே அனுப்பியது இதே காரணத்தால்தான். ட்விட்டரே 2006-இல் தொடங்கி 2018-இல்தான் முதன்முதலாக முழு ஆண்டு லாபம் காட்டியது. பன்னிரண்டு ஆண்டுகள் யாரோ பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்ஆப்பின் கதை வேறு மாதிரி. 2014-இல் பேஸ்புக் அதனை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரு பேருந்தில் அடங்குவார்கள். ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் என்றிருந்ததையும் 2016-இல் எடுத்துவிட்டார்கள். தருமம் என்று நினைக்க வேண்டாம். வங்கிகளும் கடைகளும் நமக்கு அனுப்பும் செய்திக்கு அவர்களிடம் காசு வாங்குகிறார்கள். 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரமும் வரும் என்று அறிவித்தார்கள். முதலில் ஊரைக் கூட்டு, பிறகு சந்தைக்கு வாடகை போடு என்பது பழைய ஜமீன் முறைதான்.

இனி அரட்டைக்கு வருவோம். அது கூவைப் போன்றதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜோஹோ 1996-இல் தொடங்கிய கம்பெனி. பங்குச் சந்தைக்கும் போகவில்லை, வெளி முதலீட்டாளர் கையையும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்று அதிலிருந்து சம்பாதிக்கிறது. அதாவது இங்கே கூட்ஸ் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அரட்டை அதன் பின்னால் மாட்டிய பயணிப் பெட்டி. தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம் வைத்து நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததையும் நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஊரிலேயே வேலை கிடைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் புனேவுக்கு வண்டி ஏறியிருப்போம்?

அரட்டை 2021 ஜனவரியில் வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2025 செப்டம்பரில் நம் துறையின் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார்; மற்ற அமைச்சர்களும் சுதேசிச் செயலி என்று பேசினார்கள். மூன்றே நாளில் தினம் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்ந்தார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு எழுதினார். நூறு மடங்கு! இயந்திரங்களை அவசர அவசரமாகக் கூட்ட வேண்டியதாயிற்று. பதிவிறக்கப் பட்டியலில் முதலிடம். சில வாரங்களில் அந்தப் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதையும் கூவின் 2021 பிப்ரவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைச்சர் சொல்லிச் சேரும் கூட்டம், மாநாட்டுக்கு லாரியில் வரும் கூட்டம் போன்றது. மாநாடு முடிந்தால் பந்தல் காலி. மக்கள் தங்குவது வேலை இருக்கும் இடத்தில். உறவு இருக்கும் இடத்தில். அந்தச் சகோதரியின் நாலு வீட்டு அம்மாக்களும் வாட்ஸ்ஆப்பில் இருக்கும்வரை அவர் அங்கேதான் இருப்பார். இதில் சுதேசி உணர்வு குறைவு என்று அவரைக் கண்டிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் வேம்பு சொன்ன இன்னொன்று நமக்குப் பிடித்திருக்கிறது. யூபிஐ போல, மின்னஞ்சல் போல, ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும்படி பொதுவிதி வேண்டும் என்றார். ரயில்வேக்காரனுக்கு இது உடனே விளங்கும். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் ஸ்டேஷனில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். நேரம் போயிற்று, பொருளும் உடைந்தது. 1992-இல் ஒரே அகலப் பாதை என்று அரசு முடிவெடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது. கூகுள் பே வைத்திருப்பவர் போன் பே வைத்திருப்பவருக்குப் பணம் அனுப்புகிறார் அல்லவா? செய்திக்கும் அப்படி ஒரு பாதை போட்டால், சகோதரி அரட்டையிலும் அம்மா வாட்ஸ்ஆப்பிலும் இருக்கலாம். அரசு சுதேசியை வளர்க்க விரும்பினால், விளம்பரத் தூதர் வேலையை விட்டுவிட்டு இந்தப் பாதையைப் போடட்டும் என்று நாம் கேட்கிறோம். பாதை போடாமல் எஞ்சினுக்கு மாலை போட்டு என்ன பயன்?

இன்னொரு வகைச் சாவும் உண்டு. அதில் கணக்குப் புத்தகத்துக்கு வேலை இல்லை. டிக்டாக் 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு, 58 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டது. நட்டத்தில் மூடவில்லை, சீன எல்லைத் தகராறில் ஓர் அரசாணை. சரியா தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். ஆடிப்பாடிச் சிறு வருமானமும் பெயரும் தேடிக்கொண்ட எளிய மக்களின் வீடியோக்கள் ஓர் இரவில் எட்டாமல் போயின.

வட்காவ் ஷேரியில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் நம் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். ஒரு செயலியில் படம் போட்டுத் தீபாவளிக்கு ஆர்டர் பிடித்துவந்தார். ஒரு நாள் காலை அவர் கணக்கு பூட்டிக்கிடந்தது. காரணம் சொல்லவில்லை. நம் கிளைத் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதிப் போட்டார்கள். இயந்திரம் பதில் அனுப்பியது, மனிதர் ஒருவரும் பேசவில்லை. ரயில்வேயில் கிளார்க் தூங்கினாலும் ஜன்னலைத் தட்டி எழுப்பலாம். இங்கே தட்ட ஜன்னலே இல்லை. பழைய வாடிக்கையாளரின் எண்களை அவர் தனியே எழுதி வைத்திருக்கவில்லை. எண்ணெய், மாவு வாங்கிய கடன்தான் மிச்சம்.

மாறாக 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் ஊருக்குப் போகத் துடித்தவர்களின் பட்டியலை நாம் எப்படிப் போட்டோம்? ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் பாதிப் பேருடைய போன் அணைந்து கிடந்தது. பேரேட்டில் பெயர், ஊர், மாவட்டம், தெரு, பக்கத்து வீட்டுக்காரர் எண் எல்லாம் இருந்தன. நோட்டைப் பிரித்து, போலீசிடம் சொல்லிவிட்டு, சந்து சந்தாகப் போய்த்தான் ஆட்களைச் சேர்த்தோம். அன்று அந்த நோட்டு ஏதாவது கம்பெனியின் இயந்திரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்த தம்பிகளைக் கேட்கிறோம்.

எனவே செயற்குழுவில் நாம் வைக்கப்போகும் யோசனை இது. அரட்டையில் கிளைக்கு ஒரு குழு தொடங்கட்டும், விரும்புவோர் சேரட்டும். வாட்ஸ்ஆப் குழுவும் இருக்கட்டும். கூட்ட அறிவிப்பு இரண்டிலும் போகட்டும், பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஒட்டும் நோட்டீசும் தொடரட்டும். பேரேடும் சந்தாக் கணக்கும் நோட்டில்தான் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு நகல் எழுதி எரவாடாக் கிளையில் வைக்க வேண்டும். கையெழுத்து நன்றாக உள்ள இளைஞர் இருவர் தேவை. தொழில் செய்யும் சகோதரிகள், வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ள ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கிளைச் செலவில் தரப்படும்.

கைபேசி எண் மாறியவர்களும் வீடு மாறியவர்களும் அடுத்த ஞாயிறு மாலை 5 மணிக்குள் கிளைச் செயலாளரிடம் தெரிவிக்கவும். நேரில் வர முடியாதவர்கள் எந்தச் செயலியில் வேண்டுமானாலும் அனுப்பலாம். நாம் நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.