பெண்ணை மட்டும் குறை சொல்வதா?

கலியாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆனால் போதும், லயத்தில் பேச்சு ஆரம்பமாகிவிடும். "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்பார்கள். மூன்றாம் வருஷம் அந்தப் பெண்ணுக்கு ‘மலடி’ என்ற பட்டம். நேர்த்திக்கடன் அவளுக்கு, நாட்டு மருந்து அவளுக்கு, கிளினிக்கும் அவளுக்கே. புருஷனை ஒரு தடவையாவது டாக்டரிடம் அனுப்பினோமா? "ஆம்பளைக்கு என்ன கோளாறு வரும்?" என்று மீசையை முறுக்குகிறோம்.

வைத்திய உலகம் சொல்வது வேறு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. சிகரெட், சாராயம், விதைப்பையில் இரத்தக் குழாய் புடைத்தல் என்று அதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு, நாம் மூச்சிழுக்கும் காற்றும் இப்போது சேர்ந்திருக்கிறது.

புகைமூட்டத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1997, 2005, 2013, 2015, 2019 என்று எத்தனை முறை அனுபவித்துவிட்டோம்! 2013 ஜூன் 23-ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே பேராபத்து. அன்று மூவாரிலும் லெடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

அந்தப் புகையில் உள்ள நுண்தூசு தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கு அதைத் தடுக்காது. நுரையீரலுக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. புகையின் நச்சு விந்தணுவின் நீந்தும் சக்தியைக் குறைக்கிறது, அதன் உருவத்தைக் கெடுக்கிறது, உள்ளே இருக்கும் மரபுச் சரட்டையும் அறுக்கிறது.

செக் நாட்டில் தெப்லிட்சே என்ற வட்டாரத்தில் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை மண்டிக் கிடக்கும். அங்குள்ள இளைஞர்களைச் சோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், புகை அதிகமான காலத்தில் விந்தணுக்களின் ஓட்டமும் உருவமும் கெட்டிருந்தது தெரிந்தது. டென்மார்க்கில் 5 லட்சத்து 26 ஆயிரம் ஆண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. நுண்தூசு கூடிய இடத்தில் வசித்த ஆண்களிடம் பிள்ளைப்பேறின்மையும் கூடியிருந்தது. நம் நாட்டைவிடக் காற்று சுத்தமான நாட்டிலேயே இந்தக் கதி!

புகை பட்டவனுக்கெல்லாம் பிள்ளை பிறக்காது என்று நாம் சொல்லவில்லை. பயப்படவும் வேண்டாம். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகை விலகிய பிறகு உடம்பு தேற வழியுண்டு. முதல் பரிசோதனை சரியாக இல்லாவிட்டால் மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. புகைமூட்டம் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கிறார்கள். அதே நாளில் அப்பன் செம்பனைக் காட்டில் குலை வெட்டிக்கொண்டிருக்கிறான். அவன் நுரையீரல் என்ன இரும்பா? டன் கணக்கில் கூலி வாங்குகிறவன் தானாக வேலையை நிறுத்தமாட்டான். நிறுத்தினால் அடுப்பு எரியாது. ஆகவே காலைப் பெரட்டில் அன்றைய குறியீட்டை அறிவிக்க வேண்டும். வாயில் கட்டும் துணி நுண்தூசைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் கொடுக்க வேண்டும். வேலையை நிறுத்தும் நாளுக்கும் கூலி வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. தனியாளாகப் போய் நிற்காதீர்கள். தோட்டக் கமிட்டியின் மூலம் எழுத்தில் கொடுங்கள்.

நம் கையிலும் வேலை உண்டு. வீட்டுக்குப் பின்னால் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதை நிறுத்துவோம். பிள்ளைக்கு ஏங்கும் ஆண்கள் சிகரெட்டைத் தூக்கி எறியட்டும்.

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை தங்கவில்லையா? இருவருமாக டாக்டரிடம் போங்கள். ஆணுக்கு வேண்டியது ஒரு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். அதற்கு வெட்கப்படுகிறவன், செய்யாத குற்றத்துக்காகத் தன் மனைவி வருஷக்கணக்கில் தலைகுனிந்து நடப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். மாமியார்மாரும் எண்ணிப் பார்க்கட்டும்!