கிணற்றை யாரும் மாற்றவில்லை

"ஏனாத்தூர்க்காரனுக்குப் படகைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கேட்கலாம். கடல் தெரியாதுதான். ஆனால் ஆயில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் மாட்டுவது எங்கள் பக்கத்து வயல்களில் எப்போதோ நடந்து முடிந்த கதை. அதற்காக யாரும் புதுக் கிணறு வெட்டவில்லை.

படகு விஷயத்தில் மட்டும் கிணற்றையே மாற்றச் சொல்கிறோம். மின்படகு என்றாலே கேரளத்தைக் காட்டுகிறார்கள். 2017இல் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடத் தொடங்கிய 75 இருக்கை சூரியப் படகு 'ஆதித்யா', 2023இல் வந்த கொச்சி வாட்டர் மெட்ரோ. இரண்டும் அருமை, இரண்டுமே புதிதாகக் கட்டியவை. அதை வைத்து 'பழசு தேறாது, புதுசுக்கு டெண்டர் விடு' என்று தாவுவது சோம்பேறித்தனம். கூரைமேல் விழும் வெயிலை நம்பி ஓடுவதால் ஆதித்யாவின் உடல் எடை குறைவாக இருந்தாக வேண்டும். துறையிலேயே சார்ஜ் போடும் படகுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

"பேட்டரி கனமாச்சே?" கணக்குப் போடுவோம். கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறை சுமார் அரை கிலோமீட்டர். ஒரு படகு 100 கிலோவாட் எடுத்துப் 10 நிமிடம் ஓடினால் செலவு 17 யூனிட். பாதுகாப்புக்கு நான்கு மடங்கு வைத்தாலும் 70 யூனிட்டுக்குள். கிலோவுக்கு 0.1 யூனிட் என்று கஞ்சத்தனமாகப் பிடித்தால் 700 கிலோ, அதாவது பத்துப் பதினோரு பயணிகள். டீசல் இன்ஜினும் டாங்கும் இறங்குகிற எடையை இன்னும் கழிக்கவே இல்லை.

முட்டுக்காடு, பிச்சாவரம், ஊட்டி ஏரிக்கு இது இன்னும் சுலபம். அங்கே யாருக்கும் அவசரமில்லை. மெதுவாகப் போகும் படகில் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். அலையாத்திக் காட்டைப் பார்க்க வந்தவர் டீசல் புகையை ஏன் குடிக்கணும்?

காசிமேட்டிலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு இது ஆகாது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல். இன்ஜின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வீணடித்தாலும் பேட்டரி எட்ட முடியாத தூரம் அது. மீனவர்களிடம் போய் பசுமைப் பாடம் எடுப்பவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும். அவர்களை விட்டுவிட்டு, அரசின் கையிலேயே இருக்கும் சுற்றுலாப் படகுகளில் தொடங்குங்கள்.

அடிப்பகுதி அரித்துப்போன படகைக் காப்பாற்றச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து உடல் உறுதியாக இருந்தால், ஏலத்துக்கு அனுப்புமுன் ஒரு படகிலாவது இன்ஜினை மாற்றி ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் மிச்சம் என்று துறையிலேயே எழுதிப் போடுங்கள். புது டெண்டரை அதற்கப்புறம் பேசலாம்.