நடுங்கும் காமிராவும் நகை அடகும்

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் திருமணப் படம் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அல்சூரில் நடக்கும் திருமணத்தை, பயணம் செய்ய இயலாத பாட்டி திருப்பத்தூரில் அமர்ந்து காண்பது அந்தப் படத்தின் வழியாகத்தான். படம் நடுங்கினால் காண்பவர் மனம் சலிக்கிறது. எடுத்தவர் பிழைப்பும் ஆட்டம் காண்கிறது.

என் தமக்கையின் மகன் அத்தொழில் செய்பவன். அவனுக்குக் 'கிம்பல்' என்னும் கருவியை வாங்கிக் கொடுப்பதற்காகத் தமக்கை தம் வளையல்களை அடகு வைத்தார். தை மாத முகூர்த்தம் ஒன்றில் அக்கருவி வண்டுபோல் இரைந்து நடுங்கிற்று. தாலி கட்டும் காட்சி முழுவதும் நீரில் விழுந்த நிழலாக நெளிந்துவிட்டது. பேசிய கூலியில் பாதிதான் கிடைத்தது.

"மோட்டார் கெட்டுவிட்டது, மாமா. வந்த விலைக்கு விற்றுவிடப் போகிறேன்" என்றான்.

"விற்பது இருக்கட்டும். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம்" என்றேன்.

கிம்பலில் மூன்று மோட்டார்கள் உண்டு. ஒன்று காமிராவை மேலும் கீழும் சாய்க்கும். மற்றொன்று பக்கவாட்டுச் சரிவைத் திருத்தும். மூன்றாவது இடமும் வலமும் திருப்பும். கை அசைவதை உணர்கருவி அறிந்து சொல்ல, மோட்டார்கள் நொடிக்குப் பலமுறை எதிர்த்திசையில் திரும்பி அசைவை அழிக்கின்றன. நம் பெங்களூரிலுள்ள ஏ.டி.ஈ. நிறுவனம் உருவாக்கிய 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்திலும் காமிரா இத்தகைய நிலைநிறுத்தும் அமைப்பின் மேல்தான் அமர்ந்திருந்தது.

ஆயினும் படத்தை நிலைநிறுத்த மோட்டார் இன்றியமையாதது அன்று. 1970-களில் அமெரிக்கரான காரெட் பிரவுன் அமைத்த 'ஸ்டெடிகாம்' கருவியில் காமிராவைச் சமன்செய்ய மோட்டாரே இல்லை. எடைச் சமநிலை, உராய்வின்றிச் சுழலும் பேரிங், வில்சுருள் கொண்ட கை ஆகியவற்றாலேயே அது அசையாத படம் தந்தது. 1976-இல் வெளிவந்த திரைப்படங்களில் அதன் திறனை உலகம் கண்டது. ஆகவே சமநிலையும் தடையற்ற சுழற்சியுமே அடிப்படை; மோட்டார் துணைவன் மட்டுமே.

இக்கருத்தை மனத்திற்கொண்டு சோதனையைத் தொடங்கினோம். காமிராவைப் பொருத்தி, மின்சாரமின்றிப் பூட்டுகளை விடுவித்தோம். சமநிலை இருந்தால் எந்தக் கோணத்தில் விட்டாலும் காமிரா அங்கேயே நிற்கவேண்டும். எங்கள் காமிராவோ மூக்குக் குத்திக் கவிழ்ந்தது! புதிதாக வாங்கிய கனமான லென்ஸையும், மேலே ஒரு மைக்கையும் பொருத்தியவன் சமநிலையை மீண்டும் சரிசெய்யவில்லை. கருவி தடுமாறியதும், செட்டிங்கில் மோட்டாரின் வலிமையைக் கூட்டியிருக்கிறான். அளவுக்கு மிஞ்சிய வலிமையே அந்த இரைச்சலுக்கும் நடுக்கத்திற்கும் காரணம்.

சமன்செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மேல்கீழ்ச் சாய்வு, அடுத்துப் பக்கச் சரிவு, இறுதியில் இடவலத் திருப்பம். கடைசியதைக் காண, பிடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கை தானாகச் சுழன்று இறங்கினால் சமநிலை இல்லை என்று பொருள்.

பின்பு உராய்வு. ஒவ்வொரு மூட்டையும் விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தால் சீரான மெல்லிய தடை தோன்றலாம், அது இயல்பு. ஆனால் ஒரே இடத்தில் சிக்கி, பிறகு திடீரென வழுக்கினால் பேரிங்கில் தூசியோ தேய்வோ இருக்கும். எண்ணெய் ஊற்றாதீர்கள், அது தூசியை மேலும் ஈர்க்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நலம். எங்கள் கருவியில் பேரிங் நன்றாகவே இருந்தது; காமிராவிலிருந்து இறங்கிய விறைப்பான வயர் ஒன்றே மூட்டை இழுத்துக்கொண்டிருந்தது. மெல்லிய வயரைத் தளர்வாகக் கட்டியதும் தடை நீங்கிற்று.

மூன்றாவதாக, காமிராவைத் தாங்கும் பிளேட்டின் திருகுகளை இறுக்கினோம். தளர்ந்த பிளேட்டும் அதிர்வை உண்டாக்கும். இவ்வளவும் முடிந்த பின்னரே மின்சாரம் கொடுத்து, மோட்டாரின் வலிமையைக் குறைத்து, இரைச்சல் எழாத அளவில் நிறுத்தினோம். காமிரா தொய்ந்தால் சிறிது கூட்டலாம். கையை விரலால் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் இன்னும் குறைக்கலாம்.

இரயிலில் அச்சுப்பெட்டி சூடேறினால், இழுவிசையைக் கூட்டிச் சரிசெய்ய எந்த ஓட்டுநரும் முனையமாட்டார். வண்டியை நிறுத்தி அச்சைத்தான் பார்ப்பார்கள். கிம்பலின் மோட்டார் கை சுடும்படி காய்ந்தாலும் அதுவே பாடம்.

ஒரு காசும் செலவின்றிக் கருவி சீரடைந்தது. மருமகன் விற்கவில்லை, அடுத்த முகூர்த்தங்களின் வருவாயில் தமக்கையின் வளையல்களும் மீண்டன. ஆனால் நெளிந்துபோன அந்தத் தாலிக் காட்சி மீளவில்லை. அத்திருமணத்தைப் படத்தில் மட்டுமே காணவிருந்த முதியவர்களுக்கு அந்த இழப்பை யார் ஈடுசெய்வது? ஆகவே, இத்தொழிலில் உள்ள நம் இளைஞர்களே! சோதனையை முகூர்த்தத்திற்கு முந்திய இரவே செய்துவிடுங்கள்.