ஜெலிப் பக்கட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள்

வீட்டில் ஐஸ்கிறீம் செய்வது இன்று பெரிய வித்தை அல்ல. ஒரு ஜெலிப் பக்கட், ஒரு டின் கட்டிப்பால், கொஞ்சம் பால்மா, ஒரு பிரிஜ். இவ்வளவும் போதும். வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் களனிப் பக்கத்திலும் எமது சகோதரிகள் பலர் இதைச் செய்து கப் கணக்கில் விற்கிறார்கள். பெருநாள், பிறந்த நாள், குர்ஆன் மத்ரஸா பரிசளிப்பு என்று எதற்கும் ஓடர் எடுக்கிறார்கள். நல்ல காரியம். கடன் வாங்காமல், கடை வாடகை கட்டாமல், வீட்டை விட்டு இறங்காமல் நாலு காசு சம்பாதிக்கும் வழி இது. நான் இதற்கு முழு ஆதரவு. ஆனால் அந்த ஜெலிப் பக்கட்டுக்குள் இருக்கும் ஒரு விடயத்தைப் பற்றி எமது வியாபாரிகள் வாய் திறப்பதில்லை. அதை இந்த வாரம் பேசிவிடுவோம் என்று நினைக்கிறேன்.

முதலில் செய்முறை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒரு கப் கொதிநீரில் ஒரு பக்கட் ஜெலியைக் கட்டியில்லாமல் கரைத்து ஆறவிட வேண்டும். ஆற வேண்டும், ஆனால் உறையக் கூடாது. வேறொரு பாத்திரத்தில் இரண்டு கப் பாலையும் ஒரு டின் கட்டிப்பாலையும் கலந்து நன்றாகக் குளிரவைத்து, ஆறிய ஜெலியை அதில் ஊற்றி அடிக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் பால் திரைந்துவிடும், ஏனென்றால் ஜெலித்தூளில் புளிப்புக்காக அமிலம் சேர்க்கிறார்கள். பிறகு ஐஸ் தட்டில் வைத்து, ஓரமெல்லாம் இறுகி நடு மட்டும் கூழாக இருக்கும்போது வெளியே எடுத்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். இந்த இரண்டாவது அடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஐஸ் துகள்கள் உடைந்து காற்று ஏறுவது அப்போதுதான். அதைத் தவிர்ப்பவர்களின் ஐஸ்கிறீம் பல்லில் நறநறவென்று கடிபடும். மீண்டும் வைத்து ஓர் இரவு விட்டால் சரி.

இதில் ஜெலி என்ன வேலை செய்கிறது? நிறமும் மணமும் மட்டுமல்ல. அதிலுள்ள ஜெலட்டின் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட தண்ணீர் பெரிய ஐஸ் கட்டியாக மாறாது. இயந்திரம் இல்லாத வீட்டில் இயந்திரத்தின் வேலையில் ஒரு பகுதியை இந்தத் தூள் செய்கிறது. பெரிய கம்பனிகளும் ஒரு காலத்தில் ஜெலட்டினைத்தான் போட்டன. பிறகு குவார் பிசின், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜினன் போன்றவற்றுக்கு மாறிவிட்டன.

ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியையோ பப்பாசியையோ இதில் வெட்டிப் போடாதீர்கள். அவற்றிலுள்ள நொதியம் ஜெலட்டினைச் சிதைத்துவிடும், கலவை இறுகவே இறுகாது. அன்னாசியைச் சீனியோடு வேகவைத்துப் போட்டால் பிரச்சினை இல்லை. சிலர் பச்சை முட்டை அடித்து ஊற்றுகிறார்கள். விற்பனைக்குச் செய்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். மேற்சொன்ன அளவுக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் கலவை வரும், அடித்தால் ஒன்றேகால் லீற்றர் வரை போகும். 80 மில்லிலீற்றர் கப் என்றால் பதினைந்து தேறும். சகோதரிகள் வழமையாகச் செய்வது, பாலையும் ஜெலியையும் கூட்டிப் பதினைந்தால் பிரித்து மேலே பத்து ரூபா வைப்பதுதான். மின்சாரம் எங்கே? கப், கரண்டி, காஸ் எங்கே? உங்கள் கூலி எங்கே? 2021 ஒக்டோபரில் 400 கிராம் பால்மா 480 ரூபாவானது. அந்த வருடம் முடியுமுன் 540. 2022 மார்ச்சில் 790. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பிறகு குறைத்தார்கள் என்பது வேறு கதை. அந்த நாட்களில் பழைய விலைக்கே கொடுத்து, உழைத்து நட்டப்பட்டவர்களை நான் அறிவேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலை ஏற்ற வெட்கப்பட்டார்கள்.

இன்னொன்று. கம்பனி ஒரு லீற்றர் டப்பா என்ன விலைக்கு விற்கிறதோ அதோடு உங்கள் லீற்றரை ஒப்பிட வேண்டாம். ஐஸ்கிறீம் நிறுத்து விற்பதல்ல, அளந்து விற்பது. மலிவு ரகங்களில் அந்த லீற்றரில் பாதிவரை காற்றாக இருக்கலாம். அது களவல்ல, தொழில் முறைதான். ஆனால் வீட்டில் கையால் அடிப்பவருக்கு அவ்வளவு காற்று ஏற்ற முடியாது. ஆகவே உங்கள் கப் கனமானது, விலையும் சற்றுக் கூடத்தான் வேண்டும். லீற்றர் போட்டிக்குப் போனால் கம்பனியிடம் தோற்பீர்கள், சின்னக் கப்பில் நின்றால் பிழைப்பீர்கள்.

மின்வெட்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்றார்கள். குரங்கோ மனிதனோ, உருகிய ஐஸ்கிறீமைத் திரும்ப உறையவைத்து விற்கக் கூடாது. உருகிய நேரத்தில் பெருகிய கிருமி குளிரில் சாகாது, உறங்கும். நட்டம் என்றாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

சரி, பக்கட்டுக்குள் இருக்கும் விடயம்.

ஜெலித்தூளில் பெரும்பகுதி சீனி. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஜெலட்டின். ஜெலட்டின் என்பது மிருகங்களின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி எடுக்கும் புரதம். மாட்டிலிருந்து எடுக்கலாம், மீனிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் உலகில் செய்யப்படும் ஜெலட்டினில் மிகப் பெரிய பங்கு பன்றித்தோலிலிருந்து வருகிறது. பெட்டியின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ‘ஜெலட்டின்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும், அல்லது ஈ-441 என்ற இலக்கம் இருக்கும். எந்த மிருகம் என்று அந்தச் சொல்லும் சொல்லாது, அந்த இலக்கமும் சொல்லாது.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் சேர்ப்பது கூடாது என்றது. 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ பிக்ஹ் கருத்தரங்கு, பொருள் முற்றாக உருமாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற கருத்தை எடுத்தது. எது சரி என்று உலமாக்களிடம் கேளுங்கள். வியாபாரி என்ற வகையில் என்னுடைய கேள்வி அதற்கு முந்தியது. என்ன பொருள் என்று தெரியாமல் எந்தத் தீர்ப்பை எப்படிப் பொருத்துவது?

எமது கடைகளில் நடப்பதைப் பாருங்கள். சகோதரி ஒருவர் வந்து, “நாநா, இது எங்கட ஆக்களுக்குச் சரிதானே?” என்று கேட்கிறார். கல்லாவில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே “ஓ ஓ, சரி” என்கிறார். எதை வைத்துச் சரி? கடை முஸ்லிம் கடை என்பதை வைத்து. முஸ்லிமின் கடை என்பது ஒரு சான்றிதழ் அல்ல. கடைக்காரரின் தொழுகை பக்கட்டுக்குள் இருக்கும் தூளை மாற்றாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விநியோகத்தர் என்னிடம் 25 கிலோ மூட்டை ஜெலட்டின் கொண்டுவந்தார். மூட்டையில் ‘உண்ணத்தக்கது’ என்ற வார்த்தையும் நிறையும் தவிர வேறு விவரம் இல்லை. சின்னப் பைகளில் அடைத்து விற்றால் நல்ல இலாபம் என்றார். எங்கே செய்தது, எதில் செய்தது, கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். “எல்லாரும் எடுக்கிறாங்க ஹாஜியார், நீங்க மட்டும்தான் கேக்குறீங்க” என்றார். திருப்பி அனுப்பினேன். அந்த மூட்டை வேறெங்கோ சின்னப் பைகளாகியிருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கலாம்.

ஹலால் இலச்சினைக்கு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2013இல் எழுந்த எதிர்ப்பின் நடுவே, மார்ச் மாதம் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் அந்த இலச்சினையைத் தவிர்க்க இணங்கியது. 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை என்ற தனி நிறுவனம் அந்த வேலையைப் பொறுப்பேற்றது. அந்தக் காலத்தில் ஆவேசமாகப் பேசிய எமது வியாபாரிகளில் எத்தனை பேர், அதற்குப் பிறகு தாம் விற்கும் ஜெலித்தூளுக்கு ஒரு கடிதம் கேட்டார்கள்? இலச்சினைக்காகக் கோபப்பட்டோம். அது சொல்ல வந்த விவரத்தை விசாரிக்கச் சோம்பல்பட்டோம். சான்றுபெற்ற ஜெலி சந்தையில் இருக்கும்போது பத்து ரூபா மலிவுக்காகப் பெயரில்லாத தூளைத் தட்டில் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இதோடு பேச்சு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஐஸ்கிறீம் விற்கும் எமது சகோதரியின் வாடிக்கையாளர் யார்? பாதிப்பேர் அடுத்த வீட்டுத் தமிழர்கள். கொட்டாஞ்சேனையில் சைவரும் கத்தோலிக்கரும். களனியில் மாட்டிறைச்சி தொடாத சிங்களக் குடும்பங்கள். எங்களுக்கு ஹலாலான மாட்டு ஜெலட்டின் அவர்களில் பலருக்கு ஆகாது. ஒரு ஆசிரியை என் கடையில், “இது சைவம்தானே, வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டார். ஜெலியில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது. இத்தனை வருடமும் ஒருவரும் சொல்லவில்லையே என்றார். பன்றி கலந்ததை ஒருவர் எமக்குச் சொல்லாமல் விற்றால் எமக்கு எப்படி இருக்கும்? அந்த ஆசிரியைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அளவையில் ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்க முடியாது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் ஒரே மருந்து எங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கடற்பாசி. நோன்பு திறக்க உம்மாமார் தட்டில் ஊற்றி வைக்கும் அதே கடற்பாசிதான், கடையில் அகர் அகர் என்றும் சைனா கிராஸ் என்றும் பெயர். இது தாவரம். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஜெலட்டின் உறைய பிரிஜ் வேண்டும், கொழும்பு வெயிலில் அது தண்ணீராகத்தான் நிற்கும். கடற்பாசியோ மேசையிலேயே உறையும், ஒருமுறை உறைந்தால் 85 பாகை அளவு சூடு வந்தால்தான் உருகும். வீட்டுக்கு வீடு பிரிஜ் இல்லாத காலத்தில் எங்கள் பெரியவர்கள் கடற்பாசியைப் பிடித்துக்கொண்டதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கொழும்பு ஐஸ் கம்பனி 1866இல் இயந்திரம் கொண்டுவந்து ஐஸ் செய்யத் தொடங்கியது. அதுதான் பின்னர் யானைச் சின்னத்து சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆனது. ஆனால் ஐஸ் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வர இன்னும் நூறு வருடம் போனது.

புத்தளம் களப்பிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் கிடைத்த பாசியை ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ‘சிலோன் மொஸ்’ என்று பெயர் வைத்து வாங்கினான். இன்று என் கடைக்கு வரும் அகர் தூள் எல்லாம் கப்பலில் வருகிறது. பாசி எங்கள் கடலில், தூள் அந்நிய நாட்டில். இதில் முதலிட யாராவது யோசிக்கிறார்களா என்றால் காணோம்.

உண்மையையும் சொல்ல வேண்டும். கடற்பாசி ஜெலட்டின் அல்ல. ஜெலட்டின் உடற்சூட்டில் கரைவதால் நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். கடற்பாசி அப்படிப் போகாது, கூடிப்போனால் மொறுமொறுவென்று உடையும். ஆகவே அளவு முக்கியம். ஒரு லீற்றர் கலவைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டித் தூள் போதும். அரைக் கப் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, இளஞ்சூடான பாலிலும் கட்டிப்பாலிலும் கலந்து, தயிர் போல இறுகியதும் பிளெண்டரில் அடித்து ஐஸ் தட்டில் வைக்க வேண்டும். மாம்பழமோ ரோஸ் சிரப்போ சேர்த்தால் ஜெலியின் செயற்கை நிறம் தேவைப்படாது. கடற்பாசி புரதம் அல்ல என்பதால் அன்னாசி நொதியத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பால் திரையாமல் இருக்க, எந்தப் பழத்தையும் ஆறிய பிறகே சேருங்கள்.

ஜெலட்டினே வேண்டும் என்பவர்கள் அதிலேயே செய்யுங்கள், தடை இல்லை. கப்பின் மேல் ஒரு சின்னக் கடதாசி ஒட்டுங்கள். என்னென்ன சேர்ந்தது, ஜெலட்டின் மாடா மீனா கடற்பாசியா, செய்த திகதி, உங்கள் தொலைபேசி. வாங்கிய ஜெலிப் பெட்டியின் அட்டையை ஒரு மாதமாவது எறியாமல் வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஒளிய வேண்டாம், நீங்களே போய்ப் பதிவுபற்றிக் கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டுக்காரர், கம்பனிக்காரர் என்று வேறுபாடு பார்க்காது.

கடைக்கார நண்பர்களுக்கு: நோன்பு நெருங்கும்போது கடற்பாசித் தூள் தட்டுப்படும், விலையும் ஏறும். ஷஃபானுக்கு முன்பே எடுத்து வையுங்கள். எடுக்கும்போது உள்ளே வேறு தூள் கலந்திருக்கிறதா என்று பக்கட்டைத் திருப்பிப் பார்த்து எடுங்கள்.