மாப்பிள்ளைத் தோழர்களின் ஆட்டம்

இந்த வாரம் என் மனத்தை நிறைத்திருப்பவை ஒரு சந்தோஷமும், அந்தச் சந்தோஷத்தின் வயிற்றிலேயே பிறந்த ஒரு வருத்தமும். எங்கள் தெருவில் ஒரு விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. வரவேற்பு வைபவத்தன்று மாப்பிள்ளையின் நண்பர்கள் எட்டுப் பேர் மேடையேறி, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் கூடியிருக்கும் சபையின் நடுவே ஆடிக் காட்டுவதென்று தீர்மானித்து, சாயங்காலந்தோறும் மொட்டை மாடியில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்துவருகிறார்கள். அவர்கள் ஆடுவது சந்தோஷம். அந்த ஆட்டத்துக்கு அவர்கள் இசையைத் தேர்ந்தெடுக்கும் விதம் வருத்தம்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய நடுத்தர வர்க்கத்துக் கல்யாணங்களில் ஆண்பிள்ளை என்பவன் பந்தி விசாரிப்பதற்கும், சீட்டாடுவதற்கும், மண்டபத்துக் கணக்கைத் தீர்ப்பதற்கும் மட்டுமே உரியவன் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தெருவில் ஊர்வலம் போகும்போது யாராவது இருவர் துணிந்து ஆடினால், அவர்களைப் பெரியவர்கள் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. இன்று வங்கி உத்தியோகஸ்தனும் கணினிப் பொறியாளனும் கால்நடை மருத்துவனும் ஒரே வரிசையில் நின்று, தோளோடு தோள் உரச, சிநேகிதனுடைய மங்கள காரியத்துக்காகக் கூச்சத்தை உதறிவிட்டு ஆடுகிறார்கள். ஸ்நேகத்தைத் தெரிவிப்பதற்கு உடம்பைவிட உண்மையான சாதனம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இனி இசைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் என்னையும் அழைத்துப் பாட்டுப் பட்டியலைக் காட்டினார்கள். பதினொரு சினிமாப் பாட்டுகள். ஒவ்வொன்றிலும் முக்கால் நிமிஷத்துக்கும் குறைவான துண்டு. எல்லாவற்றையும் லேப்டாப்பில் வெட்டி ஒட்டி ஒரே பாட்டாக்கியிருந்தார்கள். கதாநாயகன் நடந்துவரும் பின்னணி இசையில் ஆரம்பித்து, நடுவில் பழைய பாட்டு ஒன்றுக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசியில் குத்துப்பாட்டில் முடிவது இன்றைக்குச் சம்பிரதாயமாகிவிட்ட வரிசை. அவர்களுக்குப் பழக்கிவைக்கும் டான்ஸ் மாஸ்டர் மரியாதை தெரிந்த இளைஞர். தொழிலில் சிரத்தை உள்ளவர். ஏன் இத்தனை துண்டுகள் என்று கேட்டதற்கு, "பாட்டு எதுன்னு ஜனங்களுக்கு முதல் செகண்டிலேயே தெரியணும் சார், தெரிஞ்சாத்தான் விசில் வரும். ஒரே பாட்டு ரெண்டு நிமிஷம் ஓடினா செல்போனைக் கையில எடுத்துடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கேட்டுப் பழகிய பாட்டுக்குச் சபை எழுப்புகிற ஆரவாரம் ஆடுகிறவனுடைய கால்களுக்குள் புகுந்து வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த சில யோசனைகளைச் சொன்னேன். பெண்ணினத்தை இழிவாகப் பேசும் பாட்டு எவ்வளவு பிரசித்தமாக இருந்தாலும், மணப்பெண்ணும் அவளுடைய பாட்டியும் முன்வரிசையில் வீற்றிருக்கும் சபைக்கு அது ஆகாது என்றேன். இரண்டு பாட்டுகள் பட்டியலிலிருந்து விலகின. கல்யாண மண்டபம் என்பது பளிங்குத் தரையும் உயர்ந்த கூரையுமாக எதிரொலிக்கும் இடம். அங்கே வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதிக் கரைந்துபோகும், தாளத்தின் அடி தெளிவாக விழும் பாட்டுதான் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும் என்றேன். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள் மூன்று துரித கதிப் பாட்டுகளை அடுத்தடுத்து ஆடினால் நான்காவதற்கு மூச்சு இராது. ஆகையால் துரித கதிப் பாட்டு ஒன்றின் பின்னால் நிதானமாகக் கை வீசி ஆடக்கூடிய ஒன்றை வையுங்கள் என்றேன். இவை எல்லாவற்றையும் அவர்கள் பணிவோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒத்திகையைப் பார்த்தபோது பெரிய குறை வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. நம்முடைய குத்துப்பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ர நடையில் அமைந்தவை. ஒரு தட்டுக்குள் மூன்று மூன்றாக ஓடும் அந்த நடையில்தான் இடுப்பும் முழங்காலும் தாமாகவே துள்ளும். அயல்நாட்டு நடன இசையைத் தழுவிய பாட்டுகளோ சதுஸ்ர நடையில், நான்கு நான்காக, நேர் அடி வைத்து நடப்பவை. ஒன்றை அறுத்து அடுத்ததோடு ஒட்டிய இடத்தில், வரிசையின் ஓரத்தில் நின்ற ஒல்லியான பிள்ளை ஒருவனுடைய வலது கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது எண்ணிக்கையில் இறங்க வேண்டிய கால், இறங்குவதற்குள் மூன்று என்ற கணக்கே மாறிப்போயிற்று. அவன் இரு பக்கமும் பார்த்து, பக்கத்திலிருப்பவனுடைய காலைக் கண்ணால் தேடி, ஒரு கணம் தாமதித்துச் சேர்ந்துகொண்டான். மறுபடியும் ஆடினார்கள், மறுபடியும் அதே இடத்தில் அதே கால் நின்றது. மாஸ்டர் அவனைக் கடிந்துகொண்டார். அந்தப் பிள்ளையின் மேல் எந்தத் தவறும் இல்லை. அவனுடைய உடம்பு லயத்தை உண்மையாக நம்பியிருந்தது. வெட்டி ஒட்டிய இசைதான் அவனைக் கைவிட்டது.

திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்குப் போவது முடியாத காரியமா? ஒரு தவில்காரர் பக்கத்தில் இருந்தால், ஆடுகிறவர்களுடைய காலைப் பார்த்துக்கொண்டே ஒரு சிறு தீர்மானம் வைத்து, கடைசி அடியில் எல்லாக் கால்களையும் ஒன்றாகத் தரையில் இறக்கி, அடுத்த நடையைத் தம்முடைய விரல்களிலே தொடங்கிக் கொடுத்துவிடுவார். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் எங்கே வந்து நிற்கப்போகிறேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். கோயில் வாசலில் மின்சார முரசு வந்ததைப் பற்றியும், முகூர்த்தத்துக்கே பதிவுசெய்த கெட்டிமேளம் ஒலித்ததைப் பற்றியும் நான் எழுதியபோது, இந்த மனிதருக்கு வேறு விஷயமே இல்லையா என்று கடிதம் எழுதிய நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஆண்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கு எது இசை என்ற கேள்விக்கு, நம்முடைய தென்பாண்டிச் சீமை வெகு காலத்துக்கு முன்பே ஒரு பூரணமான விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

தேவராட்டத்தைத்தான் சொல்கிறேன். ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் தங்கள் கல்யாணங்களிலும், கோயில் கொடைகளிலும், சாவு வீட்டிலும்கூட ஆடிவருகிற ஆட்டம் அது. தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடங்கிபட்டியின் பெயரை அந்தக் கலையோடு சேர்த்தே சொல்வார்கள். ஆண்கள் ஆடும் ஆட்டம். தலையில் உருமால், காலில் சலங்கை, கையில் கைக்குட்டை. அடிப்படை அடவுகள் இத்தனை என்று கணக்குச் சொல்வார்கள். அவற்றைப் பின்னிப் பின்னிப் பெருக்கிக்கொண்டு போவார்கள். இவ்வளவு விரிவான ஆட்டத்துக்குப் பாட்டு என்பதே கிடையாது. ஒரு வரிகூடப் பாடுவதில்லை. தேவதுந்துபி என்று அவர்கள் பக்தியோடு அழைக்கிற, உறுமியின் இனத்தைச் சேர்ந்த தோல்வாத்தியம் ஒன்றே அதற்குப் பாட்டும், சுருதியும், கட்டளையும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் அந்த ஆட்டத்தை நான் மிக அருகில் நின்று பார்த்தேன். வாத்தியக்காரர் நடுத்தர வயதுக்காரர். வலது கைக் குச்சி தோலை அடிக்க, இடது கையிலிருந்த வளைந்த குச்சி மறுபக்கத்துத் தோலை அடிக்காமல் அழுத்தித் தேய்த்தது. தேய்த்த மாத்திரத்தில் கனத்த அந்த நாதம் கீழே இறங்கி மேலே ஏறி, கேட்கிறவனுடைய விலா எலும்புக்குள் போய் நின்றது. அவர் சபையை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் முன்னடி ஆடுகிறவருடைய பாதங்களிலேயே இருந்தன. முதல் அடவுகள் விளம்பமாக, தரையை அளப்பவைபோல நிதானமாகப் போயின. பிறகு காலப்பிரமாணம் ஏறத் தொடங்கியது. வரிசையில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் இருந்தார். கதி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் அவருடைய சலங்கை ஓர் இழை பிந்திக் கேட்டது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், வாத்தியக்காரர் கவனித்தார். அவர் வேகத்தைக் குறைத்து அந்தப் பெரியவரை அவமானப்படுத்தவில்லை. நாலைந்து தட்டுகளுக்கு அடியை விட்டுத் தேய்ப்பை மட்டும் நீள ஓடவிட்டார். ஆடுகிறவர்கள் எல்லாரும் வழக்கமான இடைவெளிபோலக் கைக்குட்டையை வீசிச் சுற்றி வந்தார்கள். பெரியவருக்கு மூச்சு திரும்பியது. மறுபடி அடி விழுந்தபோது அவருடைய சலங்கை எல்லாச் சலங்கைகளோடும் ஒன்றாக ஒலித்தது. எந்த லேப்டாப் இந்த உபகாரத்தைச் செய்யும்?

பாட்டு இல்லாத காரணத்தால் அந்த ஆட்டத்தில் எவனும் யாரோ ஒரு நடிகனைப்போல நடந்துகாட்ட வேண்டியிருக்கவில்லை என்பதையும் நான் அன்று கண்டேன். நம்முடைய பிள்ளைகள் இன்று பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பாட்டோடு கூட அந்தப் பாட்டுக்கு முன்பு ஆடிய நடிகருடைய கை வீச்சையும், கண் சிமிட்டலையும், மூக்குக் கண்ணாடியைச் சுழற்றும் விதத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். எட்டுப் பேருடைய எட்டுவிதமான உடம்புகளும் அந்த ஒரு உடம்பின் பிரதிகளாகிவிடுகின்றன. மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஒயிலாட்டத்தில் பாட்டு உண்டு, கதை உண்டு. ஆனால் அங்கேயும் பாடுகிற வாத்தியார் ஆட்டக்காரர்களின் நடுவிலேயே நிற்பார். அவர்களுடைய கால் எப்போது தயாராகிறதோ அப்போதுதான் அடுத்த அடியை எடுப்பார்.

இது ஏதோ நம் கிராமத்துப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெட் ஷான் என்ற நடனாசிரியர், ஆண்பிள்ளைக்கு நடனம் அழகல்ல என்று அந்தத் தேசம் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், ஆண்கள் மட்டுமே கொண்ட நடனக் குழு ஒன்றை 1933-ஆம் வருஷம் தொடங்கினார். 1925-லும் 1926-லும் ஆசிய தேசங்களைச் சுற்றி நம் நாட்டுக்கும் வந்துபோனவர் அவர். குழுவில் சேர்ந்தவர்களில் பலர் தேகப்பயிற்சிக் கல்லூரி மாணவர்கள். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஜேக்கப்ஸ் பில்லோ என்ற பண்ணையில் அவர்கள் தங்கள் கையாலேயே கட்டட வேலையும் செய்துகொண்டு ஆட்டமும் பயின்றார்கள். அந்த முதல் கோடைக்காலத்தில் செலவுக்கு வேண்டி, அக்கம்பக்கத்தாரைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, ஆட்டக்காரர்களே தேநீர் பரிமாறிவிட்டு, அப்புறம் களஞ்சியக் கொட்டகையில் ஆடிக் காட்டினார்கள். ஒரு விருந்தில் ஆண்கள் ஆடுவதற்கு இசை வேண்டுமென்றபோது ஷான் கடையில் விற்ற இசைத்தட்டுகளோடு திருப்தியடைந்துவிடவில்லை. ஜெஸ் மீக்கர் என்ற பியானோ கலைஞரைக் கூடவே வைத்துக்கொண்டார். ஷான் அசைவுகளை அமைக்க அமைக்க மீக்கர் அங்கேயே பியானோவில் இசையை அமைத்தார். வயலிலும் காட்டிலும் கடலிலும் யந்திரசாலையிலும் மனிதன் செய்யும் உழைப்பை ஆடிக் காட்டிய 'லேபர் சிம்பொனி' 1934-இல் அப்படிப் பிறந்தது. யுத்த காலம் நெருங்க, 1940-இல் குழு கலைந்தது. ஆனால் அந்த ஏழு வருஷங்களில் ஆண் நடனத்தைப் பற்றி அந்த நாட்டார் கொண்டிருந்த அபிப்பிராயம் வெகுவாக மாறிப்போயிருந்தது. பியானோ கலைஞரைக் கூடவே வைத்துக்கொண்டு ஷான் அடைந்த பலனை, உறுமிக்காரரைக் கூடவே வைத்துக்கொண்டு நம்முடைய தெற்கத்தியார் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே அடைந்திருந்தார்கள்.

நம்மிடம் அந்தக் கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவிலும் பம்பையும் நாகசுரமும் சேர்ந்த நையாண்டி மேளக் குழுக்கள் இருக்கின்றன. தப்பைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியுமாக விதவிதமான அடிகளைப் பொழியும் பறைக் குழுக்கள் இருக்கின்றன. இருந்தும் அவர்களை நாம் நடத்துகிற விதம் என் நெஞ்சைச் சுடுகிறது. சில மாதங்களுக்கு முன் நான் போயிருந்த ஒரு பெரிய மண்டபத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்த பறைக் குழுவை நுழைவாயிலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒலிபெருக்கியில் பறையோசை, அதுவும் சினிமாவிலிருந்து வெட்டி எடுத்த பறையோசை, அலறிக்கொண்டிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த மனிதர்கள் வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில், வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பந்தி முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்களை உள்ளே விடாததற்குச் சத்தமாக இருக்கும் என்ற காரணம் சொல்லப்பட்டது. உள்ளே ஒலித்த ஒலிபெருக்கியைவிட எந்தப் பறையும் சத்தமாக ஒலிக்காது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்; நிறுத்தியது எந்தப் பழைய வழக்கம் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகையால் வாசக நண்பர்களிடம் என் விண்ணப்பம் இதுதான். உங்கள் வீட்டு விசேஷத்தில் பிள்ளைகள் ஆடப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன், பாட்டுப் பட்டியல் எழுதுவதற்கு முன்பாக, ஒரு தவில்காரரையோ பறைக் குழுவையோ பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஒத்திகைக்கு இரண்டு சாயங்காலமாவது அவர்களை வரவழைத்து, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். பிள்ளைகள் விரும்புகிற சினிமாப் பாட்டு இருக்கட்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே அவர்கள் வாசிக்கட்டும், முடிவில் பாட்டு இல்லாமல் அவர்கள் மட்டுமே வாசிக்க ஓர் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அவர்கள் மேடைக்குப் பக்கத்தில், ஆடுகிறவர்களுடைய கால் தெரிகிற இடத்தில் நின்று வாசிப்பார்கள் என்பதை மண்டபத்தாரிடம் பணம் கட்டும்போதே எழுத்து மூலமாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் அவர்களுக்கு இலை போடுங்கள்.